மாவு பொங்காத டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர்

மத்திகிரி டவுன் பஸ்ஸில் எனக்கு எதிர்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் மடியில் ஒரு போசி நிறைய இட்லி மாவு. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது என் மேலே கொட்டிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

"ஆம்ப்ளிஃபயர மாத்துனதுலேர்ந்து வீட்ல இட்லி கல்லு மாதிரி வருதுண்ணா" என்றார் அவர்.

"ஆம்ப்ளிஃபயருக்கும் இட்லிக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார் மூத்தவர்.

"பழைய செட்டு பாடுனா அடுப்பாட்டம் சுடும். இந்த ஓசூர் குளுருக்கு எங்கூட்டுக்காரி அது மேலதான் மாவு வெப்பா. புதுசு முழுக்க டிஜிட்டல். நாள் பூரா பாடுனாலும் சில்லுனு கெடக்குது."

"அதுக்கு நான் என்னடா பண்ண?"

"பழச உங்களுக்குத்தானே குடுத்தேன்? இன்னிக்கு மட்டும் இந்த மாவ அது மேல வைங்கண்ணா."

"அது மேல எங்க வீட்டுப் பூனை படுத்திருக்கும்டா."

"பூனைய எறக்கி விடுங்க. நாளைக்குக் காலையில மாமியார் வர்றாங்க. இட்லி உப்பலைன்னா புது செட்டத் தூக்கி வெளிய வீசிருவேன்னு எங்கூட்டுக்காரி சொல்லிட்டா."

ஸ்டாப் வந்ததும் மூத்தவர் போசியை வாங்கிக்கொண்டு இறங்கினார். எனக்கு மூச்சு வந்தது. இளையவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"சோகப் பாட்டெல்லாம் வேணாண்ணா! குத்துப் பாட்டாப் போட்டு சவுண்ட ஏத்தி வைங்க, அப்பத்தான் சூடாகும்!"

"பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவானேடா?"

"ஆளுக்கு நாலு இட்லின்னு சொல்லுங்க!"