லாஷிங் போடாத விண்கலம்

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒருவர் விண்கலத்தின் மேல் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எதிர் சீட்டில் இரண்டு பேர், மடியில் ஹெல்மெட். கப்பலில் கன்டெய்னர் பெட்டிகள் நகராமல் கம்பி போட்டு இறுக்கும் லாஷிங் வேலை முடித்து வருகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நீ பாக்குறது ஒரு சீரியலா மாமு? அம்மாம் பெரிய கலம், தலைகீழா சுத்துது. உள்ள அடுக்குன பொட்டி ஒண்ணுகூட அசையல. லாஷிங்கே போடல!" என்றார் மீசைக்காரர்.

"வானத்துல வெயிட்டே இல்லியே நைனா," என்றார் கண்ணாடிக்காரர்.

"வெயிட்டு இல்லன்னா சூப்பர்வைசர் வுட்டுடுவாரா?"

"ஆனா சண்ட சூப்பரா கீது."

"சண்ட போடட்டும். மொதல்ல பொட்டியக் கட்டணும். என் சீரியல்ல பாரு, கலம் திரும்பசொல்லோ ஒரு பொட்டி அவுந்து கேப்டன நசுக்கிடுச்சு. அதான் நெசம். பாத்துட்டு அழுதுட்டேன்."

"கேப்டனுக்கோசரமா?"

"அவன் கெடக்குறான். லாஷிங் போட்டவன நெனச்சுதான் அழுதேன். பூமியில எறங்குனதும் மெமோ குடுப்பானுங்களே."

திருவொற்றியூர் வந்தது. இறங்குவதற்காக ஹெல்மெட்டைக் கையில் எடுத்த கண்ணாடிக்காரர் எழுந்திருக்கவில்லை. முகமே மாறிவிட்டது.

"அவன் பர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்று கேட்டார்.