மிளகாய் இல்லாத மதியச் சோறு

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் ஏகாம்பரநாதன் ஐயா அவர்களே! பிள்ளைப்பாக்கத்தின் பெருமை காக்கும் பெரியோர்களே! பாதி மனத்தை உலைப்பானையில் விட்டுவிட்டு மீதி மனத்தோடு இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! மாதர் சங்கச் செயலாளர் இந்திராணியின் இருகரம் கூப்பிய வணக்கம்!

ஆண்டுவிழாவில் அதிசயச் செய்திகளைச் சொல் என்றார் தலைவர். சொல்கிறேன், கேளுங்கள்! நம் குழம்பைச் சிவக்க வைக்கும் மிளகாய் நம் நாட்டுச் செடியா? இல்லை! கடல் கடந்து, கப்பல் ஏறி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியரோடு வந்தது! தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினானே சோழன், அவன் ஒருநாள்கூட மிளகாய்ச் சட்னி தின்றதில்லை!

முன்வரிசையில் யாரோ "ஐயோ பாவம்" என்கிறார்கள். பொறுங்கள் அம்மா, இன்னும் இருக்கிறது! ஏரிக்கரை வரைக்கும் நாம் போட்டிருக்கும் மல்லாட்டை, அந்த வேர்க்கடலை, எங்கிருந்து வந்தது? அங்கிருந்துதான்! தக்காளி? அங்கிருந்துதான்! கொய்யா, பப்பாளி, உருளைக்கிழங்கு? அங்கிருந்துதான்! பொங்கலில் போட்டி போட்டுப் பொறுக்கித் தின்கிறோமே முந்திரி, அதுவும் அங்கிருந்துதான்! இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்?

போன வாரம் நம் பஞ்சாயத்தில் ஓர் உறுப்பினர் முழங்கினார்: "வெளியில இருந்து வந்தது எதுவும் இந்த ஊர்ல தங்கக் கூடாது!" பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் லூர்து மேரியைத்தான் சொன்னார். கணவனை இழந்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு திண்டிவனம் பக்கமிருந்து வந்தவள். வருகிற திங்கட்கிழமை அவள் கடையை அகற்ற அவரே தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். அந்தக் கடைதான் அந்த மூவருக்கும் சோறு.

அந்த உறுப்பினர் யாரா? இதோ, மேடையில் என் இடப்பக்கம், சால்வையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாரே, அவர்தான். பெயரை நான் சொல்லக் கூடாது, என் கழுத்தில் தாலி கட்டியவர்!

"பொன்னுரங்கம்!" என்று கத்தியது யார்? நன்றி ஐயா, புருஷன் பெயரைச் சொன்ன பாவம் எனக்கு மிச்சம்.

கணவர் சொல் தட்டலாமா? தட்டுவேனா நான்? நேற்று மதியம் அடுக்களையில் அவர் ஆணையை அமல்படுத்தினேன்! மிளகாய் வெளியே! தக்காளி வெளியே! கடலையெண்ணெய் வெளியே! மிளகையும் பூண்டையும் தட்டிப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிக் குழம்பு வைத்தேன். இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னாடி இது? புள்ள பெத்தவளுக்குப் போடற பத்தியச் சோறு! எனக்கு இன்னா பிரசவமா ஆச்சு?"

சிரியுங்கள், சிரியுங்கள்! அவரும் சிரிக்கிறார் பாருங்கள்!

பாதிச் சோற்றில் எழுந்து, துண்டை உதறிக்கொண்டு வேகவேகமாய்ப் போனார். பின்னாலேயே போனேன். எங்கே நின்றார் தெரியுமா? லூர்து மேரி கடையில்! கையில் மசால்வடை! "மேரி, காரச் சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. வூட்டுல இன்னிக்கு நாக்கு செத்துப்போச்சு."

அவள் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நல்லா சாப்பிடுங்க ஐயா. திங்கக்கெழமை வரைக்கும்தானே கடை இருக்கும்."

தாய்மார்களே! புளியமரத்துக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வடையை அப்படியே இலையில் வைத்துவிட்டார். அதைப் பார்த்ததால்தான் இன்று இந்த மேடையில் துணிந்து கேட்கிறேன். கப்பலில் வந்த மிளகாயை நாம் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டோம். வெளிநாட்டு மல்லாட்டைக்கு வயலைக் கொடுத்தோம். பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணுக்கு நான்கு கால் பந்தல் போட இடம் இல்லையா? சொல்லுங்கள், இல்லையா?

"இருக்கு!" என்கிறீர்கள். உங்கள் குரல் போதாது. சொல்ல வேண்டியவர் இதோ எழுந்து நிற்கிறார். ஒலிபெருக்கியைக் கொடுக்கட்டுமா? வேண்டாமாம், என் காதிலேயே சொல்கிறார். நான் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: "தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். ராத்திரிக்காவது கொழம்புல ரெண்டு மொளகா கிள்ளிப் போடு!"

போடுகிறேன், தாராளமாகப் போடுகிறேன்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், மனம் மாறிய என் வீட்டுக்காரருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. லூர்து மேரி, கடைசி வரிசையில் நின்று அழாதே அம்மா. செவ்வாய்க்கிழமைக்கும் சேர்த்துக் கடலைப்பருப்பு ஊறப்போடு. வணக்கம்!