ஏறாத பிரஷர்

“ஹலோ… சொல்லு மிதுன்… ஆமா, லேப்லதான் இருக்கறேன்… இன்னும் ஏறலையா?”

கோவையில் ஒரு மருந்தியல் கல்லூரியில் எலிகளின் ரத்த அழுத்தத்தை ஆராய்கிறவள் பிரவீனா. உடுமலைப்பேட்டையில், அப்பா நஞ்சுண்டன் படுத்திருக்கும் ஐ.சி.யூ. வாசலிலிருந்து தம்பி பேசினான். கால் புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து, அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிக்கொண்டே போயிருந்தது.

“ஆமா… ஆமா… நார்அட்ரினலின்தான். இங்க எலிக்கும் அதையேதான் போடறோம்… இரு, சொல்றதக் கேளு கண்ணு. ரத்தக்குழாய்ச் செவுத்துல ரிசெப்டர்னு இருக்குது… மருந்து அதுல போய் ஒட்டுனாத்தான் குழாய் இறுகும், பிரஷர் ஏறும்… ம்… கிருமி முத்திப்போச்சுன்னா அது மருந்தக் கண்டுக்காது. எத்தன ஏத்துனாலும் குழாய் தொளதொளன்னே கெடக்கும்… கத்தாத… அப்பாவ எலின்னு நான் சொல்லல… சொல்லல தம்பி.”

குரல் வேறு யாருடையதோ போல அவளுக்கே கேட்டது. வகுப்பில் பாடம் நடத்துகிற குரல். இப்போது அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“என்ன கேட்ட?… இந்த நெலமைக்குப் போன எலிகளா?…”

கையுறையைக் கழற்றி மேசையில் போட்டாள்.

“ஒண்ணுகூடப் பொழைக்கல.”

போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“மிதுன்… இருக்கறயா?… வெரலெல்லாம் கறுத்துருச்சா?… ரெண்டு கையுமா… மருந்து வெரலுக்குப் போற ரத்தத்த மட்டுந்தான் நிறுத்துது… சரி… சரி… இன்னும் ஏத்தச் சொல்லிக் கேக்காத. நிறுத்தலாமான்னு டாக்டர் கேட்டா… ம்… சரின்னு சொல்லிரு. அக்காதான் சொன்னான்னு சொல்லு, நீ தனியாத் தூக்கிச் சொமக்காத… அம்மாகிட்டக் குடு.

“அம்மா… நாந்தானுங்க… இல்லீங்க, ஏறலீங்க… இனி ஏறாதுங்கம்மா… உள்ள உடறாங்களா?… அப்பக் கையப் புடிச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கங்க. எதாச்சும் பேசுங்க… கேக்குமுங்க, அப்பாவுக்குக் கேக்கும்… என்னத்தப் பேசறதா?… தென்னைக்குத் தண்ணி பாஞ்சிருச்சுன்னு சொல்லுங்க… ஓ… மோட்டாரே போடலீங்களா… ஆரும் தோட்டத்துப் பக்கமே போகலீங்களா…”

லேப் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

“பரவால்லீங்கம்மா… பாஞ்சிருச்சுன்னே சொல்லுங்க… எல்லா மரத்துக்குமுங்க… கடைசி வரப்பு வரைக்கும்னு சொல்லுங்க… இதா, நான் கெளம்பி வாரேன்… அம்மா?… ஹலோ… ஹலோ…”

லைன் அறுந்திருந்தது.