நான்தான் பாறை

முதலில் கெடுத்தவன் பலவேசம். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்கவே கூடாது.

ரோடு வராத காலம். பனங்காட்டூர்ப் பாறைமேல் கொம்பையா கள்ளுக்கடை போட்டிருந்தானாம். கள்ளென்றால் கள்ளு! சொட்டுத் தண்ணீர் கலக்க மாட்டானாம். பெண்சாதி உச்சிமாகாளி வைக்கிற கருவாட்டுக் குழம்பு வாசம் கண்மாய்க்கரை வரைக்கும் போகுமாம். பனையோலையை மடித்த பட்டையில் கள்ளை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தால் கீழே வயல், வயலுக்கு அப்பால் கண்மாய், அதற்கும் அப்பால் மலை. எழுந்திருக்க மனசு வருமா?

பாறைக்குக் கீழே பலவேசம் கடை. உச்சிமாகாளிக்குக் கூடப்பிறந்த அண்ணன்தான். அங்கே ஈதான் உட்காருமாம்.

அந்த வருசக் கோயில் கொடையில் மாடன் சாமிக்கு முதல் பட்டை கள்ளு ஊற்றும் உரிமையை ஊர் கொம்பையாவுக்குக் கொடுத்தது. அதுவரை அது பலவேசத்துக்கு. சும்மா இருப்பானா? முந்தின நாள் சாயங்காலம் கொம்பையா கலயங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு தின்னப் போனானாம். திரும்பி வந்தவன் அவசரத்தில் உள்ளே பார்க்காமலே இடுப்பில் கட்டிக்கொண்டு மரமேறினானாம்.

மறுநாள் பாறைமேல் கொட்டு முழங்குது, கூட்டம் நெரியுது. கொம்பையா கலயத்தைச் சரிக்கிறான். நுரை இல்லை! நாக்கில் விட்டுப் பார்க்கிறான். இனிக்குது!

"ஏ புள்ள, பதநீருல்லா இறங்கியிருக்கு!"

கலயத்துக்குள் சுண்ணாம்பு. சுண்ணாம்பு தடவினால் எங்கே புளிக்கும்?

பலவேசம் கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டு சிரித்தானாம். "மாடனுக்குப் பால்குடி மறக்கலன்னு நினைச்சீரா, மாப்ள? விலகும். என் கள்ளு காத்துக் கிடக்கு."

கொம்பையா கலயத்தைக் கீழே வைத்தான். உரிமை போச்சே! அப்போது உச்சிமாகாளி அவன் காதோரம் சொன்னாளாம்: "எங்க அண்ணன் காலையிலருந்து துண்டுக்குள்ளருந்து கையை எடுக்கல."

அவ்வளவுதான். கொம்பையா சத்தம் போட்டான்: "மாடன் பேரால எல்லாருக்கும் ஒரு பட்டை! ரெண்டு கையாலயும் ஏந்துங்கய்யா!"

பட்டையை ஒற்றைக் கையால் பிடிக்க முடியுமா? ஊரே ஏந்தியது. பலவேசம் மட்டும், "எனக்கு வயிறு சரியில்ல" என்றானாம்.

"சுண்ணாம்பு வெந்த கைக்கு வயிறு என்ன செய்யும்!" என்று ஒரு கிழவன் துண்டை உருவினான். நகக்கண்ணெல்லாம் வெள்ளை! பாறையே சிரித்ததாம்.

மாடன் இறங்கிய சாமியாடி அந்தப் பதநீரை ஒரே மூச்சில் குடித்து, "இன்னும் ஊத்துடா!" என்றாராம். உரிமை கொம்பையாவிடமே நிலைத்தது.

கொம்பையா நல்ல இடமாகப் பார்த்து, வயலைப் பார்த்தாற்போல ஒரு பட்டையை வைத்தான். "மச்சான், 'நான்தான்'னு ஒரு சொல்லு சொல்லிட்டு உக்காரும். குழம்பு சூடா இருக்கு."

பலவேசம் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

அதனால்தான் அது நான்தான் பாறை. அதனால்தான் கொடையன்று இங்கே மாடனுக்குக் கள்ளு கிடையாது, பதநீரும் கருவாட்டுக் குழம்பும்தான். அந்த இடத்தில் வருசம் தவறாமல் ஒரு பட்டை வைக்கிறோம். பலவேசம் வம்சம் பெருகிப்போச்சு, கீழ்த்தெரு முழுக்க அவர்கள்தான். இந்த வருசமும் வந்தார்கள், தின்றார்கள், குழம்பு அருமை என்றார்கள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் ஒருத்தனும் சொல்லவில்லை. பட்டையில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.