கரிக்கிடங்கில் இருந்த தாள்கள்

— ஒரே ஒரு கையெழுத்து, ஆர்மின். அதுக்கு இவ்வளவு யோசனையா?

— முதல்ல ஜன்னலைத் திற, கேஸா. நீ கட்டிப்பிடிச்சதுலருந்து என் கோட்டெல்லாம் உன் சென்ட் நாத்தம்.

— எட்டு வருஷம் கழிச்சு புடாபெஸ்டுக்குத் திரும்பி வந்திருக்கே. கட்டிப்பிடிக்காம வேற என்ன பண்ணுவேன் கண்ணு? இந்தா, கசகசா ரொட்டி. உனக்குன்னே என் வீட்டுக்காரி சுட்டா. லண்டன்ல இதெல்லாம் ஏது?

— லண்டன்ல எனக்குக் கிடைச்சது ஒரு நாட்டியப் பள்ளிக்கூடம். காலைத் தூக்கிப் பழகுற பொண்ணுங்களுக்குப் பியானோ தட்டினேன். என் பேரைச் சரியாச் சொன்னவங்க ஒருத்தர் கிடையாது. ரொட்டியை அந்தப் பக்கம் தள்ளு. காகிதத்துல என்ன எழுதியிருக்கே, நீயே படி.

— 'யூதர்கள் விரட்டப்பட்ட காலத்தில், ஆர்மின் ஸ்பிட்ஸரின் சிம்பொனியைத் தம் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவர் கேஸா பார்லாய்.' அவ்வளவுதான். யுத்தத்துல யார் எந்தப் பக்கம் நின்னாங்கன்னு பார்க்கிற விசாரணைக் குழு நாளைக்குக் கூடுது. நீ கையெழுத்துப் போட்டா நான் மறுபடி மேடை ஏறுவேன். போடலேன்னா இந்த ஜென்மத்துல எவனும் வாத்தியக் குழுவை நடத்துற கோலை என் கையில கொடுக்க மாட்டான்.

— எப்படிக் காப்பாத்தினே?

— இந்த அரங்கத்துக் கரிக்கிடங்குலதான். வாத்தியக்காரங்க தாள் அத்தனையும் கட்டி, கரிமூட்டைக்குப் பின்னால வச்சேன். ஆறு வருஷம் யார் கையும் படலை. எல்லாம் கலைக்காக, ஆர்மின். கலைக்காக.

— நல்லது. அந்தக் கட்டைத்தான் காலையிலயே கொண்டாரச் சொன்னேன். உள்ள வாங்க, போரி அம்மா.

— இந்தாங்க சாமி. அம்பத்திரண்டு பேர் தாளும் இருக்கு. இருபது வருஷமா இந்த அரங்கத்துத் தாள்கட்டுகளை அவிழ்க்கிறதும் கட்டுறதும்தானே என் பொழப்பு, ஒண்ணு குறையாது.

— போரி, உன்னை யாரு கேட்டா? புதுசா நகல் எடுத்ததைக் கொடுத்தா போதாதா?

— அம்மா, அட்டையில என்ன சீட்டு ஒட்டியிருக்கு?

— அது நான் ஒட்டினதுதான் சாமி. மாவுப் பசை. கேஸா ஐயாதான் ஒட்டச் சொன்னாங்க.

— 'வெற்றிச் சிம்பொனி. இசை: கேஸா பார்லாய்.' சீட்டுக்கு அடியில என் பேரு மங்கலாத் தெரியுது, கேஸா.

— உன் பேரோட இருந்தா எரிச்சிருப்பாங்கய்யா. குளிர்ல நடுங்குறவனுக்குக் கோட்டைப் போர்த்துற மாதிரி என் பேரைப் போர்த்தினேன்.

— யார் கையும் படலைன்னு சொன்னியே. இந்த டிராம்போன்காரன் தாளோட கடைசியைப் பாரு. பென்சில்ல எழுதியிருக்கான். '1942 நவம்பர். மந்திரி குறட்டை விட்டார்.' வாசிக்கிறவன் ஒவ்வொரு கச்சேரி முடிஞ்சதும் தேதி கிறுக்குவான். நீ கோல் பிடிக்கிறவன், உன் தாளைத் தவிர எவன் தாளையும் புரட்டினதில்ல. பதினேழு தேதி இருக்கு. பதினேழு தடவை என் இசைக்கு விழுந்த கைத்தட்டலுக்கு நீ குனிஞ்சிருக்கே.

— ஊரே சாக்கடையாக் கிடந்துச்சு. நான் மட்டும் சட்டையில கறை படாம நிக்கணும்னா எப்படி?

— இது என்ன, வயோலாக்காரன் தாள்ல நாலு பக்கம் தனியாத் தைச்சிருக்கு? சிம்பொனிக்கு நான் எழுதின முடிவு இது இல்லையே. எங்கப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன்கூடையை இறக்கி வச்சுட்டு முணுமுணுப்பாரே, அந்த ஜெபப் பாட்டுல அடங்கி முடியும். இங்க டமாரமும் அணிவகுப்புமா இருக்கு.

— மந்திரிக்கு அழுகை முடிவு பிடிக்கலை.

— எழுதினது யாரு?

— யாரோ ஒருத்தன். இப்ப அது எதுக்கு?

— யாரோ இல்ல. கடைசிக் கோட்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு மீன் போட்டிருக்கு. என் தம்பி மிக்ஷா எதை எழுதி முடிச்சாலும் மீன் போடுவான். '1944 மே 9, செவ்வாய்.' மிக்ஷா நாற்பத்திரண்டுலயே கட்டாய வேலை முகாம்ல சீக்கு வந்து போயிட்டான்னு நீதானே எனக்குக் கடிதாசி போட்டே?

— அட, மிக்ஷா தம்பி இங்கதானே சாமி இருந்துச்சு, கீழ கரிக்கிடங்குல. முகாம்லருந்து தப்பி வந்தப்ப கேஸா ஐயாதான் ஒளிச்சு வச்சாங்க. ரெண்டு வருஷம் தினம் நான்தான் பீன்ஸ் சூப் கொண்டு போவேன். கையெல்லாம் கரி, ஆனா தாள்ல ஒரு பொட்டு கரி படாது.

— கேஸா, இவங்க சொல்றது நிஜமா?

— நிஜம்தான். பிடிபட்டிருந்தா என்னையும் சேர்த்துச் சுட்டிருப்பாங்க.

— இந்தக் காகிதத்துல இதை ஏன்டா எழுதலை?

— என்னன்னு எழுதுவேன்? காப்பாத்தினேன்னா? எவனோ காட்டிக் கொடுத்துட்டான். புதன்கிழமை காலையில வந்து இழுத்துட்டுப் போனாங்க, திரும்பி வரலை. சீக்குல போனான்னு சொன்னா உனக்குக் கொஞ்சம் ஆறும்னு நினைச்சேன் கண்ணு.

— என் பேரை மூடினே. முடிவைக் கெடுத்தே, அதுவும் என் தம்பி கையாலயே. உன் மூஞ்சியைப் பார்க்க இப்பவும் அருவருப்பாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு வருஷம் அவனை உயிரோட வச்சிருக்கே. பேனாவைக் கொடு.

— இங்க, இந்தக் கோட்டுக்கு மேல. முழுப் பேரா எழுதிடு.

— போரி அம்மா, நீங்க ஏன் அழறீங்க?

— அந்தப் புள்ள வெறும் வயித்தோட போச்சே சாமி, அதான். புதன்கிழமைன்னு ஒரு படி பீன்ஸ் ஊறப் போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கேஸா ஐயா வந்து, 'எழுத வேண்டியதெல்லாம் எழுதி முடிச்சாச்சு போரி, நாளையிலருந்து கீழ சூப் வேண்டாம்'னு சொல்லிட்டாங்க.