கை ஊனாமல்

கரியப்பன்: இந்த முக்காலி ஆடுது. நான் மாட்டேன்.

மாரம்மா: முக்காலி ஆடல. நீதான் ஆடற. கைய மாருல கட்டு. ஊனாம எந்திரி.

கரியப்பன்: நர்ஸம்மா சொல்லிட்டா ஆச்சா? நான் மாட்டுப் பண்ணையில இருந்தவன். படுத்த மாடு தானா எந்திரிக்குதான்னுதான் அங்கயும் பாப்பாங்க. எந்திரிக்கலன்னா அடிமாட்டு லாரி வரும்.

மாரம்மா: உன்ன ஏத்த எவன் லாரி கொண்டாருவான்? வெறும் எலும்பு. முட்டையத் தின்னு மொதல்ல.

கரியப்பன்: நீ பாதி தின்னா நான் பாதி.

மாரம்மா: தெனமும் இதே பேச்சு...

கரியப்பன்: முந்தாநேத்து வரைக்கும் நீயும் தின்னலயா? இந்தா, மஞ்சக்கரு.

மாரம்மா: வெச்சுரு. அப்புறம் தின்னுக்கறேன்.

கரியப்பன்: நேத்தும் அப்படித்தான் சொன்ன. பூனை தின்னுச்சு.

மாரம்மா: பேச்ச மாத்தாத. வெறும் முட்ட தின்னா போதாது, வெறுமனே நடந்தாலும் போதாதுன்னாங்க. தின்னணும், எந்திரிச்சு ஒக்காரணும், பக்கத்து வூட்டு கௌடரோட பேசிக்கிட்டே நடக்கணும். எல்லாம் சேத்துப் பண்ணாத்தான் வயசானவங்க படுக்கையில விழாம இருப்பாங்களாம்.

கரியப்பன்: அந்த நர்ஸு சின்னப் பொண்ணு. முட்டி வலின்னா இன்னான்னு தெரியுமா அதுக்கு?

மாரம்மா: நீ விழுந்தா யாருய்யா தூக்கறது? பாலாஜியும் மருமவளும் கம்பெனி பஸ் ஏறுனா பொழுது சாஞ்சுதான் வராங்க.

கரியப்பன்: செரி, செரி. எப்படி எந்திரிக்கறதுன்னு மறந்துடுச்சு. நீ ஒரு வாட்டி காட்டு.

மாரம்மா: வாயால சொல்றேன். காலப் பின்னால இழு...

கரியப்பன்: வாயால சொன்னா மண்டையில ஏறாது. எந்திரிச்சுக் காட்டு.

மாரம்மா: பனி அடிக்குதுய்யா. போத்திக்கிட்டுக் கெடக்கறேன்... நாளைக்கி.

கரியப்பன்: வெயிலு வாசல்ல கெடக்குது, பனியாம்! இன்னாமே... காலையில இருந்து நீ கட்டில விட்டு எறங்கவே இல்லயே?

மாரம்மா: நீ மொதல்ல முட்டையத் தின்னு முடி.

கரியப்பன்: எறங்குடி.

மாரம்மா: கத்தாதய்யா.

கரியப்பன்: இரு, வரேன்... என் தோளப் புடி.

மாரம்மா: யோவ்! கைய ஊனாமலே எந்திரிச்சுட்டியே!

கரியப்பன்: அது எப்பவோ வந்துடுச்சு. நர்ஸம்மா இத்தனையும் சொன்னது உனக்குத்தான். உங்க வூட்டம்மா எளச்சுக்கிட்டே போறாங்கன்னு என்னத் தனியாக் கூப்புட்டுச் சொல்லுச்சு. உனக்குன்னா நீ பண்ணுவியா? எனக்குன்னாத்தான எந்திரிச்சு எந்திரிச்சுக் காட்டுவ... கால ஊனு. பண்ணையில படுத்த மாட்டயெல்லாம் வாலப் புடிச்சுத் தூக்கி நிறுத்துனவன் நான்.

மாரம்மா: எனக்கு வாலு இல்லயேய்யா.

கரியப்பன்: சிரிக்காத. ஊனுடி!

மாரம்மா: எனக்கும் தெரியும்யா. கொல்லையில நீ தண்ணிக்கொடம் தூக்குனத அன்னிக்கே பாத்துட்டேன்... ஏமாத்தறான், ஏமாத்தட்டும்னுதான் நானும் தெனமும் எந்திரிச்சுக் காட்டுனேன். நேத்து சாயங்காலத்துல இருந்து எடது காலு என்னுது மாதிரியே இல்ல. இன்னிக்கி நீ காட்டச் சொல்லிடக் கூடாதேன்னுதான்யா... இவ்வளவு நேரம் பேசிக்கிட்டே இருந்தேன்.