இரண்டு கம்பி ஓடும் தெரு

ஆடுகின்ற நாற்காலியில் அமர்ந்தும் ஆடாமல் அவையை நடத்துகின்ற எங்கள் நலச்சங்கத் தலைவர் வேதசிரோமணி ஐயா அவர்களே! என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கின்ற செயலாளர் எப்சி டீச்சர் அவர்களே! மேடையின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர் என்று, இடையில் ஒரு குடும்பமே உட்காரும் இடத்தை விட்டு வீற்றிருக்கும் கேபிள் தாமோதரன் அவர்களே, கேபிள் கேசவன் அவர்களே! பொங்கல் பானையை இறக்கிய சூட்டோடு, கோலமாவு உதறாத கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நின்றுகொண்டே கேட்கும் பெரியோர்களே! பூஞ்சோலை நகர் இரண்டாவது தெருவின் பெருமைக்குரிய குடிமக்களே! அத்தனை பேருக்கும், தாம்பரம் ரயில் நிலையத்தின் ஒலிபெருக்கியில் ஒரு காலம் முழுவதும் வண்டிகளை அறிவித்து ஓய்ந்த இந்தச் சுவிசேஷமுத்துவின் பொங்கல் வணக்கம்!

என்ன அங்கே சிரிப்பு? "வண்டி லேட்டா சார்?" என்கிறார் ஒரு தம்பி. தம்பி, நான் இருந்தவரை வண்டிதான் லேட். அறிவிப்பு ஒருநாளும் லேட் இல்லை!

நண்பர்களே, தாம்பரத்தைச் சுற்றி எத்தனை தெருக்கள்! ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கிக் குரோம்பேட்டை வரை நடந்து பாருங்கள். அங்கே நகைக்கடை இருக்கும், நம் தெருவில் இல்லை. நான்கு மாடிக் கட்டடம் இருக்கும், நம் தெருவில் இல்லை. மழைக்குப் பின் நடப்பதற்கு நல்ல சாலைகூட இருக்கும், நம் தெருவில் நிச்சயமாக இல்லை! ஆனால் நமக்கு இருக்கும் ஒன்று எவருக்கு இருக்கிறது? அண்ணாந்து பாருங்கள். மாடிக்கு மாடி தாவி ஓடுகிறது ஒரு கம்பி. கம்பத்துக்குக் கம்பம் தொட்டு ஓடுகிறது இன்னொரு கம்பி. ஒரே தெருவில் இரண்டு பேர் இணையம் கொடுக்கிறார்கள்! இதைச் சாதித்தவர் யார்? அமைச்சரா? அதிகாரியா? அம்பானியின் அடுத்த வீட்டுக்காரரா? இல்லை, அம்மா, இல்லை! சாதித்தது நீங்கள்!

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், சுண்டல் இன்னும் வேகவில்லை.

கேபிள் டிவி இங்கே வந்த காலத்தில், தாமோதரனும் கேசவனும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊரைப் பிரித்துக்கொண்டார்கள். கால்வாய்க்கு இந்தப் பக்கத்துக் கம்பமெல்லாம் தாமுவுக்கு; அந்தப் பக்கத்துக் கம்பமெல்லாம் கேசவனுக்கு. ஒருவர் ஏரியாவில் மற்றவர் கால் வைப்பதில்லை. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, இரண்டு டீதான். எல்லை வகுத்த அரசர்கள்கூட அதன்பின் சண்டை போட்டார்கள். இவர்கள் போடவே இல்லை. அதுதான் நமக்கு வந்த வினை!

பிறகு கேபிள்காரர்களே இணையமும் கொடுக்கத் தொடங்கினார்கள். தொலைபேசிக்காரர்களின் வேகமான இணைப்பு நம் தெருவுக்கு அப்போது வந்து சேரவில்லை. தாமுவை விட்டால் ஆளில்லை. ஆளில்லை என்று தெரிந்ததும் தாமுவின் இணையம் எப்படி ஓடியது? காலையில் நடந்தது, மதியம் தவழ்ந்தது, மாலையில் படுத்தது! அவரே தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார், பாருங்கள்.

நமக்கெல்லாம் அது வெறும் எரிச்சல். ஒருவருக்கு மட்டும் அது பிழைப்பு. இதோ முன்வரிசையில் தம் மூன்று சக்கர வண்டியில் அமர்ந்திருக்கிறாரே, நம் ஜெயப்ரியா, அவருக்கு. நிற்க வேண்டாம் தாயே... பார்த்தீர்களா, என் வாயில் என்ன வருகிறது என்று! குழந்தைப் பருவத்தில் போலியோ வந்து இரண்டு கால்களும் நடக்காமல் போனவர் அவர். சிரிக்கிறார். அவர் சிரிப்பார், நான்தான் மேடையில் வியர்த்துப்போகிறேன்.

அவர் பட்டம் பெற்றவர். நகரத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. மின்சார ரயிலில் ஏற முடியவில்லை. படிக்கட்டு உயரம், கூட்டம் அதைவிட உயரம். நானோ அதே நிலையத்தில் உட்கார்ந்து, கடற்கரைக்கு வண்டி, செங்கல்பட்டுக்கு வண்டி என்று நாள் முழுக்க முழங்கிக்கொண்டிருந்தேன். அத்தனை வண்டியில் ஒரு வண்டிகூட அந்தப் பெண்ணுக்கான வண்டி இல்லை.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு, எழுத்தாகத் தட்டி, இணையத்தில் திருப்பி அனுப்பும் வேலையை வீட்டிலிருந்தே பிடித்தார். தங்கை நிஷா பொத்தேரிக் கல்லூரியில் படித்தது அந்தச் சம்பளத்தில். அம்மாவின் மருந்து அந்தச் சம்பளத்தில். மருத்துவர் பேச்சு வந்த அன்றே எழுத்தாகப் போக வேண்டும், தாமதமானால் எச்சரிக்கை, எச்சரிக்கை மீறினால் வேலை போச்சு. தாமுவின் கம்பி படுத்தபோதெல்லாம் அந்த வீட்டு அடுப்பும் படுக்கப் பார்த்தது. "இதுவே கடைசி எச்சரிக்கை" என்று அலுவலகம் சொல்லிவிட்ட அன்று அவர் தாமுவைக் கூப்பிட்டார். பதில் என்ன வந்தது?

"இன்னா மேடம் சும்மா சும்மா பேஜார் பண்றே? இது என் ஏரியா. வேற எவனாச்சும் குடுத்தா போய் வாங்கிக்கோ!"

தாமு, நான் கூட்டிச் சொல்கிறேனா, குறைத்துச் சொல்கிறேனா? "கரெக்டாத்தான் சார் சொல்றே" என்கிறார். அந்த நேர்மைக்காகவே இன்று மேடையில் நாற்காலி!

எப்சி டீச்சரும் நம் சங்கத்தாரும் கால்வாயைத் தாண்டிக் கேசவனிடம் போனார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அது தாமு ஏரியா டீச்சர். அங்க இருக்கிற கம்பத்துல நான் கை வெச்சா அசிங்கமாயிடும்." அப்போது நம் டீச்சர், வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்: "ஏம்ப்பா கேசவா, கம்பத்தைத்தானே பிரிச்சீங்க? மாடியைப் பிரிச்சீங்களா?"

ஆகா! பிரிக்கவில்லையே! கம்பம் அவர்களுடையது, மாடி நம்முடையது! கால்வாய்க்கு அக்கரையிலிருந்து இக்கரைக்கு ஒரு தாவல்; அதன்பின் மாடி மாடியாக ஒரு ஓட்டம். ஆனால் முதல் மாடி எவருடையது? தெருமுனையில் கால்வாயை ஒட்டிய அங்காளம்மாள் அக்காவுடையது. தாம்பரம் சந்தையில் மீன் விற்கும் அக்கா. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதற்கும் மேலே, தாமோதரன் யார்? அக்காவின் சொந்த அக்காள் மகன்!

போனவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அக்கா கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்:

"தெனம் அந்தப் பொண்ணு கையால தாம்மா எனக்கு போணி. அவன் என் அக்கா மவன் தான், இல்லேன்னல. அதுக்காண்டி அவ சோத்துல மண்ணு போடுவானா? இழுங்க கம்பியை!"

இழுத்தார்கள். தாமு ஆளோடு வந்து மாடி ஏறினார். அக்கா கம்பிக்குக் கீழேயே அருவாமனையைப் போட்டு வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. "அறுக்க வந்தியா கண்ணு? அருவாமனை இங்கதான் கீது. மொதல்ல சித்தி கைய அறுத்துட்டு அப்பால அத்த அறு." தாமு என்ன செய்தார்? படியிறங்கிப் போகும்போது வஞ்சிரம் துண்டு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்!

கைதட்டுங்கள், அக்காவுக்குக் கைதட்டுங்கள்! ஒரு மாடி கொடுத்தது. அடுத்த மாடி கொடுத்தது. தண்ணீர்த் தொட்டி தோள் கொடுத்தது. துணிக்கொடி துணை நின்றது. கேசவனின் கம்பி ஜெயப்ரியாவின் சன்னலுக்குள் நுழைந்தது. வேலை நிலைத்தது. தெருவே திருவிழாவானது!

ஆனால் திருவிழாவில் நாம் ஒரு தவறு செய்தோம், அன்பர்களே. தாம்பரத்தார் மட்டுமே செய்யக்கூடிய தவறு. நம் ஊரில் வண்டி வந்தால் எல்லோரும் ஒரே பெட்டியில்தானே ஏறுவோம்? பின்னால் பெட்டி காலியாகக் கிடந்தாலும் ஏறமாட்டோமே! அப்படியே ஒரு வீடு பாக்கியில்லாமல் தாமுவை உதறிவிட்டுக் கேசவனிடம் ஏறினோம். பட்டாசு வெடித்தோம். கேசவனுக்கு மாலை போட்டோம்.

மாலை வாடியது. மாலையோடு கேசவனும் மாறினார். போன் எடுப்பது குறைந்தது, கட்டணம் ஏறியது, கம்பி அறுந்தால் ஆள் வருவது அடுத்த வாரமானது. நம் சங்கத்துச் சுந்தர்சிங் சார் கேசவனின் கடைக்கே போய்க் கேட்டார். கேசவன் சொன்ன பதில் என்ன தெரியுமா? "வேற யாராவது குடுத்தா போய் வாங்கிக்கோங்க சார்."

கேட்ட வசனமாக இருக்கிறதா? ஆள் மாறினார், வசனம் மாறவில்லை! ஏன்? கேசவன் கெட்டவரா? தாமு கெட்டவரா? இருவரும் நல்லவர்களே! தனியாக விட்டால் நானும்தான் கெட்டுப்போவேன். மைக்கை என்னிடம் மட்டும் கொடுத்துப் பாருங்கள், விடிய விடியப் பேசுவேன். டீச்சர் தலையாட்டுகிறார்!

சங்கம் கூடியது. கோபம் கொதித்தது. மூன்றாவதாக ஒருவரைத் தேடலாம் என்றார் ஒருவர். கேசவனின் கம்பியைச் சுருட்டி எறியலாம் என்றார் மற்றொருவர். அப்போது ஜெயப்ரியா சொன்னார்: "நான் தாமு அண்ணா லைனையும் திரும்ப வாங்கப் போறேன்."

சபை அதிர்ந்தது! சுந்தர்சிங் சார் எழுந்து நின்று, "என்னம்மா இது? உன் வேலைக்கே உலை வெச்சவர் ஆச்சே! உனக்காகத்தானே இத்தனை மாடி ஏறினோம்?" என்று கத்தினார். தெருவில் தாமுவால் அதிகம் துன்பப்பட்டவர் அந்தப் பெண். கோபப்பட உரிமை அவருக்கல்லவா அதிகம்? அவர் அமைதியாகச் சொன்னார். இன்று நம் தெருப்பெயர்ப் பலகைக்குக் கீழே எழுதி வைக்க வேண்டிய சொல், கேளுங்கள்:

"நல்ல ஆள் ஒருத்தர் வேண்டாம் சார். சுமாரான ஆள் ரெண்டு பேர் போதும்."

அவர் கேட்டது இன்னும் ஒன்று. தெருவின் இடப்பக்க வரிசை தாமுவிடம் போக வேண்டும். வலப்பக்க வரிசை கேசவனிடம் இருக்க வேண்டும். எவர் சொதப்பினாலும் அவர் வரிசை மொத்தமும் எதிர்வரிசையின் கம்பிக்குத் தாவும். இடப்பக்கம் முணுமுணுத்தது. என் வீடும் இடப்பக்கம்தான். நானும் முணுமுணுத்தேன், ஒலிபெருக்கி இல்லாமல். ஆனால் ஒருவர் பின் ஒருவராகக் கை தூக்கினோம்.

மறுநாள் ஜெயப்ரியா தாமுவின் கடைக்குப் போனார். கடைவாசலில் படி. தெருவிலிருந்தே கூப்பிட்டார். தாமு வெளியே வந்து பார்த்துவிட்டு, "இன்னா மேடம், நக்கலா?" என்றார். "இல்லண்ணா, கனெக்‌ஷன் வேணும். கேசவன் லைனும் இருக்கும், உங்க லைனும் இருக்கும்." தாமுவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ என்னிய நம்பலியா?" "உங்களை நம்பணும்னு எனக்கு ஆசை இல்லண்ணா. நான் அந்தாண்ட போயிடுவேன்னு நீங்க பயந்தா போதும்!"

தாமு சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டதாம். அடுத்த வாரம் அந்தப் படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சரிவுப் பாதை போட்டார். ஏன் போட்டார்? கேசவன் கடையில் ஏற்கெனவே சரிவுப் பாதை இருந்தது!

அந்த ஆண்டுதான் அந்தப் பெருமழை பெய்தது. கால்வாய் எது, தெரு எது என்று தெரியவில்லை. எத்தனையோ தெருக்கள் பல நாள் இருண்டு கிடந்தன. நம் தெருவில் என்ன நடந்தது? மின்சாரம் திரும்பிய உடனே, முழங்கால் தண்ணீரில் கம்பத்தில் ஏறினார் தாமு. வழுக்கும் பாசியில் மாடி ஏறினார் கேசவன். எவர் கம்பிக்கு முதலில் உயிர் வரும் என்று இரு வரிசையும் குடை பிடித்து நின்று கூவியது! வென்றவர் யார் என்று இருவரும் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. நான் சொல்கிறேன்: வென்றது ஜெயப்ரியா. அன்றைய வேலை அன்றே போய்ச் சேர்ந்தது!

இப்போது, அவையோரே, நான் மேடையேறிய காரணத்துக்கு வருகிறேன். ஒரு செய்தி என் காதுக்கு வந்தது. மேடையின் இரு கோடியில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இந்த இருவரும் குரோம்பேட்டையில் ஒரு ஓட்டலில், ஒரே மேசையில், ஒரே தட்டு பஜ்ஜியைத் தின்றார்களாம்! இரண்டு கடையையும் ஒன்றாக்கி ஒரே பெயர்ப்பலகை மாட்டலாம் என்று பேசினார்களாம்! மீண்டும் ஒரு டீக்கடைப் பெஞ்சா? மீண்டும் "வேற எவனாச்சும் குடுத்தா போ" என்ற வசனமா?

தாமு, கேசவா! சேர்ந்து சாப்பிடுங்கள், சந்தோஷம்! ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறுங்கள், நாங்களும் வந்து மொய் வைக்கிறோம்! ஆனால் சேர்ந்து கடை போடாதீர்கள். போட்டால், எங்கள் மாடிகள் எங்களிடமே இருக்கின்றன. கால்வாய்க்கு அக்கரையில் இன்னும் எத்தனையோ கேபிள்காரர்கள் இருக்கிறார்கள். அங்காளம்மாள் அக்காவும் இருக்கிறார், அருவாமனையும் இருக்கிறது!

என்ன தாமு, எழுந்துவிட்டீர்கள்? மைக்கில் சொல்லுங்கள். "பேசுனது நெசம்தான் சார். இப்போ வுட்டுட்டோம்." கேசவா? "நாளைக்கு அவன் சைடுல வேகத்தை ஏத்துறானாம் சார். நான் இன்னிக்கே ஏத்திட்டேன்!" கேட்டீர்களா! கேட்டீர்களா, என் தெருவே!

இதைவிட எனக்கு என்ன பெருமை வேண்டும்? ஜெயப்ரியா இன்று அந்த வேலையில் மேற்பார்வையாளர். நம் தெருப் பெண்கள் பலர் அவரிடம் கற்று, வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறார்கள். அவர்கள் சன்னலிலெல்லாம் இரண்டு கம்பி!

நன்றி சொல்லும் முன், அனுமதி கொடுங்கள். பல ஆண்டு நான் சொல்ல முடியாமல் போன ஓர் அறிவிப்பை இன்று பழைய குரலில் சொல்லிவிடுகிறேன்.

பயணிகளின் கனிவான கவனத்திற்கு! பூஞ்சோலை நகர் இரண்டாவது தெருவிலிருந்து உலகமெங்கும் செல்லும் வண்டி, இரண்டு பாதைகளிலும் தயாராக நிற்கிறது. ஜெயப்ரியா அவர்கள் ஏறிவிட்டார்கள். மற்றவர்கள் ஏறிக்கொள்ளலாம். படிக்கட்டு இல்லை!

காது கொடுத்த உங்களுக்கும், மாடி கொடுத்த உங்களுக்கும், கடிகாரத்தைக் கடைசியில் திருப்பி வைத்துவிட்ட எப்சி டீச்சருக்கும் என் நன்றி. சுண்டல் வெந்துவிட்டதாம். வணக்கம்!